தவசிமுத்து ஒட்டியதும் பாக்கியத்தாய் ஒட்டியதும்

தவசிமுத்துவை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் குளிக்கப் போயிருந்த வெள்ளிக்கிழமை நண்பகலில், உவர்க்குளம் ஊரில் அவர் முப்பத்தோரு வருடமாக வெல்டிங் அடித்து ஒட்டிவைத்த இரும்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டது. இடியோ அதிர்வோ எதுவும் இல்லை. வெயிலுக்குப் படுக்கிற மாடு முதலில் முன்னங்கால்களை மடித்து, பிறகு பின்பக்கத்தை இறக்கி, ஒரு பெருமூச்சோடு மண்ணில் சாயுமே, அதுபோல வீட்டு கேட்டுகள் சாய்ந்தன, ஜன்னல் கம்பிகள் சட்டத்தைவிட்டு இறங்கிச் சுவரோரம் நின்றுகொண்டன, பஸ் ஸ்டாப் கூரை அடியில் நின்ற இரண்டு பெண்கள் பையை எடுத்துக்கொண்டு நகரும்வரை பொறுத்திருந்து அதற்குப் பிறகே தரைக்கு வந்தது, பள்ளிக்கூடத்து ஊஞ்சல் தன் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மணலில் நீட்டிக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

உவர்க்குளம் உப்பளத்து ஊர். அங்கே காற்று ஈரத்தோடு உப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து ஜன்னலில் தடவிவிட்டுப் போகும். ஒட்டுப் போடாமல் நாலு மழைக்காலம் தாண்டிய இரும்பு அங்கே கிடையாது. அதனால் ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தவசிமுத்துவின் கை எப்படியாவது ஓரிடத்தில் பட்டிருந்தது. கட்டில், கொடிக்கம்பி, மிதிவண்டி கேரியர், உப்பு தள்ளும் வண்டி, மோட்டார் அறைக் கதவு, மாடிப்படிக் கைப்பிடி என்று எல்லாம் ஒரே மதியத்தில் துண்டுதுண்டாகப் பிரிந்து கிடக்க, குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த ஆண்கள் அதைப் பார்த்தார்கள், ஆளுக்கொரு பக்கம் குனிந்து ஒட்டு விட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். முறிவு எதுவும் இல்லை. ஒட்டே போட்டதில்லை என்பதுபோல இரண்டு முனையும் வழுவழுவென்று இருந்தன.

"கூடவே கொண்டுபோயிட்டாரு போல" என்றார் ஒருவர்.

"அவரு போட்டது. அவரு எடுத்துக்கிட்டாரு" என்றார் இன்னொருவர்.

அதற்குமேல் அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. சாயங்காலத்துக்குள் ஆடுமாடு தெருவுக்குப் போய்விடாமல் கேட்டுகளைக் கட்டவேண்டியிருந்தது. தென்னங்கயிறு, பழைய சேலை, மீன் வலை, சைக்கிள் டியூப் என்று கையில் அகப்பட்டதைக் கொண்டு ஊர் தன்னைக் கட்டிக்கொண்டது. கட்டில்களுக்குக் கீழே செங்கல் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் வாசல் எது என்று சொல்ல "பச்சை கேட் வீடு" என்று அச்சடித்திருந்தவர்கள் பேனாவால் அடித்துவிட்டு "பச்சைச் சேலை கட்டிய வீடு" என்று எழுதினார்கள்.

தவசிமுத்துவின் மனைவி பாக்கியத்தாய் அன்று மதியம் வீட்டுக்குள் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தோரு வயது. மூன்று நாளாக மருத்துவமனையிலும் வாசலிலும் நின்ற கால்கள் வீங்கியிருந்தன. பட்டறைக் கூரையின் வடக்குப் பக்கம் இறங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. தெற்குப் பக்கம் இறங்குகிறதா என்று கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டாள். இறங்கவில்லை. இறங்காது என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்தாள்.

ஊருக்கு அது தெரிய எட்டு நாள் ஆனது. கண்டுபிடித்தவர் மேலத்தெரு ஜெபசெல்வி டீச்சர். தொடக்கப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெறப் போகிறவர். எதையும் வரிசையாகப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவர் வீட்டு கேட்டில் இரண்டு கதவு. இடது கதவு பிரிந்து கிடந்தது, வலது கதவு நின்றது. எதிர்வீட்டில் மாடிப்படியின் கீழ்ப்பாதி விழுந்திருந்தது, மேல்பாதி நின்றது. டீச்சர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், நிற்பது எது, விழுந்தது எது, எந்த வருடம் போட்டது என்று எழுதினார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது ஒன்றுகூட மிச்சமில்லை. பிந்தியதில் பாதிக்குமேல் நின்றது. நோட்டோடு அவர் பாக்கியத்தாயின் வீட்டுக்கு வந்து, துக்கம் கேட்டுவிட்டு, பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மைனி, எங்க வீட்டு வலது கதவ யாரு பத்தவச்சா?"

பாக்கியத்தாய் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

"நாந்தான் டீச்சர்."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தவசிமுத்துவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டீத்தம்ளர் பிடிக்கும்போது தெரியாத நடுக்கம் வெல்டிங் ராடு பிடிக்கும்போது தெரிந்தது. ராடின் நுனி இரும்பைவிட்டு அரை விரல்கடை விலகினால் நெருப்பு அணையும், நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், அந்த இடைவெளியை அவருடைய கையால் பிடித்து நிறுத்த முடியவில்லை. காலையில் கொஞ்சநேரம் கை நிற்கும். அப்போது அவர் செய்வார். வெயில் ஏறினால் முடியாது. அன்றிலிருந்து பட்டறையின் பின்பக்கம் தகரத் தடுப்பு வந்தது. தடுப்புக்குப் பின்னால் பாக்கியத்தாய் சேலைக்குமேல் அவருடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி வைத்த மறைப்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பாள். வெளியே இருந்து தடுப்பு இடுக்கில் பார்க்கிறவர்களுக்குச் சட்டையும் மறைப்பும் வெளிச்சமும்தான் தெரியும். "தவசி அண்ணாச்சி, நம்ம கேட்டு ஆச்சா?" என்று கேட்பார்கள். உள்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அவர் எழுந்து வருவதற்குள் அவள் மறைப்பை இறக்காமலே தலையை ஆட்டுவாள். பன்னிரண்டு வருடம் அவள் அப்படித் தலையை ஆட்டினாள்.

டீச்சர் நோட்டை மூடினார். "ஊருக்குச் சொல்லட்டுமா?"

"சொன்னா என்ன ஆவும்?"

"தெரியணும்லா."

"சரி. ஒங்க இஷ்டம்."

தெரிந்தது. ஊர் அதையும் மற்றதைப் போலவே ஏற்றுக்கொண்டது. யாரும் வந்து வாய்பிளக்கவில்லை. மன்னிப்பு கேட்டவர்களும் இல்லை. மறுநாள் காலை பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுலிங்கம் வந்தார், அவருக்குப் பின்னால் தெரு முழுக்க ஆட்கள், ஒவ்வொருவர் தோளிலும் ஏதாவது ஒரு இரும்பு. பொன்னுலிங்கம் அறுபது தாண்டியவர், பருத்த உடம்பு, எதையும் கூட்டம் போட்டு முடிவுசெய்து பழகியவர்.

"தாயி, ஒன் கை பட்டது நிக்கு. வேற ஊருல இருந்து ஆள் கூட்டியாந்தா அவன் எப்ப போவான்னு யாரு கண்டா. நீயே எல்லாத்தையும் ஒட்டிக் குடுத்துரு. ஊர்க் கூட்டத்துல அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கோம்."

பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். ஆனால் அதைச் சொல்வதற்கும் எழுந்து நிற்பதற்கும் ஒரே அளவு தெம்புதான் தேவைப்பட்டது, எழுந்து நிற்பது அவளுக்குப் பழக்கம். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

பத்தொன்பது நாள் அவள் ஊரை ஒட்டினாள். விடிந்ததும் மெஷின் உறுமும், பொழுது சாயும்போது நிற்கும். முதலில் கிணற்று மூடிகள், பிறகு பிள்ளைகள் கைவைக்கிற ஜன்னல்கள், பிறகு கேட்டுகள். வாசலில் வரிசை குறையவில்லை. பிரித்துப்போட்ட கட்டிலின் மேலேயே உட்கார்ந்து ஆட்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள், சோறு கொண்டுவந்து தின்றார்கள், அந்த வரிசையிலேயே ஒரு பெண்பார்க்கும் பேச்சு நடந்து முடிந்தது. அவளுடைய கழுத்து ஒரு பக்கமாக இறுகிப்போனது. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தல். மதியம் வெள்ளரிக்காயை வெட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சுவரில் சாய்வாள், அதற்குள் "மைனி, இத மட்டும்" என்று ஒரு குரல் வரும். வெள்ளரிக்காயை எடுத்துவிட்டு எழுந்திருப்பாள்.

இருபதாம் நாள் தண்ணீர்த் தொட்டி ஏணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முப்பத்தெட்டுப் படி. ஒவ்வொன்றும் தரையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. பொன்னுலிங்கம் குடை பிடித்து நின்றார். பாக்கியத்தாய் ராடை ஹோல்டரில் மாட்டினாள், மறைப்பை முகத்துக்குக் கொண்டுபோனாள், கறுப்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாத அந்த ஒரு கணத்தில், யாரோ ஒரு தொட்டி ஆப்பரேட்டர், இன்னும் பிறக்காதவனாகக்கூட இருக்கலாம், இருபதாவது படியில் ஒரு காலும் இருபத்தொன்றில் ஒரு காலுமாக நிற்க, கீழே எங்கோ அவளை அடக்கம் செய்துவிட்டு ஆட்கள் குளிக்கப் போவது அவளுக்குத் தெரிந்தது. ராடைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"என்ன தாயி?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"ராடு சரியில்லையா?"

"நான் ஒட்டுனா நான் இருக்க மட்டும்தான் நிக்கும். ஊர் மொத்தத்தையும் என் தலையில கட்டி வச்சா, நான் போற அன்னைக்கு மறுபடியும் மொத்தமா விழும். இந்தத் தடவ அவரு மெதுவா இறக்கி வச்சுட்டாரு. எனக்கு அந்த அளவுக்குப் பொறுமை இருக்கும்னு நான் நெனைக்கல."

பொன்னுலிங்கம் குடையை மறுகைக்கு மாற்றினார். "அதெல்லாம் நீ நல்லா இருப்ப."

"நல்லா இல்ல அண்ணாச்சி. எனக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கணும். பன்னெண்டு வருசமா படுக்கல."

கூட்டம் போட்டு முடிவு செய்கிற விஷயமாக அது இல்லை.

"அவங்கவங்க வீட்ட அவங்கவங்க ஒட்டட்டும்" என்றாள் பாக்கியத்தாய். "சொல்லித் தாறேன். செத்தா அவங்கவங்க ஒட்டுனது மட்டும் விழும். ஒரு கேட்டு, ஒரு ஜன்னல். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து ஒட்டிக்கிடலாம்."

"எல்லாரும் எப்படி தாயி? தவசிக்கே நாலு வருசம் ஆச்சுன்னு சொல்லுவான்."

"அவருக்குப் படிக்க வாய்ச்ச ராடு அப்படி. லேசான ராடும் இருக்கு."

ராடுகளின் விஷயம் அப்போதுதான் ஊருக்குத் தெரியவந்தது. பட்டறை மூலையில் ஒரு டிரம்மில் ஆயிரத்துக்குமேல் ராடுகள் கிடந்தன, எதிலும் எழுத்தில்லை. கடையிலிருந்து வரும்போது ஒவ்வொரு ராடின் கைப்பிடி ஓரத்திலும் மேல்பூச்சில் சின்னதாக நம்பர் அச்சடித்திருக்கும். என்ன இரும்புக்கு, எப்படிப்பட்ட வேலைக்கு என்று தெரிந்தவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும். தவசிமுத்து பாக்கெட்டைப் பிரித்ததும் அட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு ராடின் நம்பரையும் துடைத்துவிடுவார். எல்லாவற்றையும் டிரம்மில் கலந்து போட்டுவைப்பார். வேலை வரும்போது அவரே ஒன்றை உருவி, "இந்தா, இதப் பிடி" என்று தடுப்புக்குப் பின்னால் நீட்டுவார். அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ராடுகளைப் பிரிக்க டீச்சர் துணைக்கு வந்தார். அன்று மதியம் பட்டறையின் நிற்கிற பாதிக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். பாக்கியத்தாய் டிரம்மைச் சாய்த்து ராடுகளைக் குவித்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை ஒவ்வொரு ராடின் பூச்சில்லாத முனையிலும் வைத்தாள். ஒட்டாமல் வழுக்கியதை ஒருபக்கம் போட்டாள்.

"இது எவர்சில்வருக்கு. நம்ம ஊருக்கு ஆவாது."

மிச்சத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தாள், விரலால் பூச்சின் கனத்தை உருட்டிப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். மெலிந்தவை ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், தடித்தவை ஒரு குவியல். பிறகு ஒவ்வொரு குவியலிலிருந்தும் இரண்டிரண்டு எடுத்து, ஒரு துண்டு இரும்பில் பற்றவைத்துப் பார்த்தாள். கண்ணைத் திருப்பிக்கொள்ளச் சொன்னதால் டீச்சர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நோட்டில் எழுதினார், அதனால் அவருக்குச் சத்தமும் வாசனையும்தான் கிடைத்தன, பிரித்தறிய அதுவே போதும் என்று பாக்கியத்தாய் சொன்னாள்.

"இப்பக் கேக்குதுல்லா, வெடிச்சு வெடிச்சு. காகிதம் எரிஞ்ச வாடை வருதா? இது மெலிசு. ஆழமாத் தோண்டும், பொறி பறக்கும், பைப்புக்கு நல்லது. பழகாத கை பிடிச்சா இரும்புல ஓட்டதான் விழும்."

அடுத்தது தடித்த ராடு. பற்றியது, ஓடியது, நிறுத்திவிட்டு மறுபடி தொட்டபோது பற்றவில்லை, இரும்போடு ஒட்டிக்கொண்டது. அவள் திருகி எடுத்தாள்.

"இது பாரத்துக்குப் போடுற ராடு. அடுப்புச் சூட்டுல காயவச்சு எடுக்கணும், ஈரம் பட்டா ஒட்டுக்குள்ள புழு தின்ன மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். நிறுத்துன இடத்துல முனைய மூடிக்கிடும், மறுபடி எரியாது. நல்ல ராடுதான். ஆனா படிக்கிறவங்களுக்கு இது சரிப்படாது, அழவச்சிரும்."

மூன்றாவது நடுத்தரம். தொட்டதுமே பற்றியது. அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம். ராடு முடிந்ததும் ஒட்டின் மேல் படிந்த கறுத்த ஓடு ஆறிக்கொண்டே தானாக நுனியில் எழும்பி, சுத்தியல் படுமுன்பே சுருண்டு கழன்று விழுந்தது. உள்ளே ஒட்டு மீன்செதிலாக வரிவரியாகக் கிடந்தது.

"இதுதான் டீச்சர். சாது. கை கொஞ்சம் முன்னப்பின்ன ஆடுனாலும் கோவிக்காது. லேசா ஈரம் பட்டாலும் பாதகமில்ல. வீட்டு இரும்புக்கு இது போதும்."

டீச்சர் திரும்பி உட்கார்ந்தார். எழுதியதை ஒருமுறை படித்தார். பிறகு கேட்டார்:

"அவரு ஒங்களுக்கு எத நீட்டுவாரு?"

பாக்கியத்தாய் தடித்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"ஆரம்பத்துல அந்தத் தடிச்ச ராடுதான். ரெண்டு வருசம். எந்த வேலை வந்தாலும் அது. ஒட்டிக்கிடும், திருகுவேன், ஒட்டிக்கிடும். எனக்கு வேலை வரலன்னு நான் நெனச்சேன். ஒருநாள் அவரு ஆசுபத்திரிக்குப் போயிருக்கையில நானா டிரம்முல கையவிட்டு ஒண்ண எடுத்தேன். அது இந்தச் சாது ராடு. தொட்டதும் எரிஞ்சது. அன்னைக்கு உக்காந்து ஒவ்வொண்ணா எரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் அவரு எத நீட்டுனாலும் அதக் கீழ வச்சுட்டு எனக்கு வேண்டியத எடுத்துக்கிடுவேன். அவருக்குத் தெரியும். ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"ஏன் அப்படிச் செஞ்சாரு?"

"பயந்திருப்பாரு. கையும் போயி, நம்பரையும் குடுத்துட்டா, அவருக்குன்னு என்ன இருக்கும்?"

"ஒங்களுக்குக் கோவமே இல்லையா மைனி?"

"கோவப்படவும் தெம்பு வேணும்லா டீச்சர்."

டீச்சர் வீட்டுக்குப் போய், மகள் பிரசவத்துக்கு வந்தபோது விட்டுப்போன நெயில் பாலிஷ் புட்டிகளை எடுத்துவந்தார். சாதுவான ராடுகளுக்கு, ஹோல்டர் கடிக்கிற வெற்று முனையை விட்டு, பூச்சின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. தடித்ததற்குச் சிவப்பு. மெலிந்ததற்கு நீலம். இரண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் கோடு போட்டார்கள். நானூற்று முப்பது ரோஸ் தேறியது. கையெல்லாம் நெயில் பாலிஷ் நாற்றம்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பொன்னுலிங்கம் பக்கத்து ஊர்களில் இரவல் கேட்டு நாலு மெஷின் கொண்டுவந்தார். பாக்கியத்தாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நின்று சொல்லித்தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். உப்பளத்துப் பெண்கள் வந்தார்கள், டீக்கடைக்காரர் வந்தார், கோயில் பூசாரி வந்தார், டீச்சர் பருத்திச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதல் ஆளாக வந்தார்.

"மொதல்ல ரோஸ். வேற எதையும் தொடாதீங்க. அதுலயும் கொஞ்சம் பருமனாப் பாத்து எடுங்க, ஒல்லிக் கம்பி கையில ஆடும். தீக்குச்சி கிழிக்கிற மாதிரி கிழிக்கணும். பத்துனதும் பயந்து தூக்காதீங்க. சத்தத்தக் கேட்டுக்கிட்டே போங்க. பொரியுற சத்தம் மாறிச்சுன்னா நீங்க தப்பாப் போறீயன்னு அர்த்தம்."

உப்பளத்துப் பெண்களுக்குச் சீக்கிரம் வந்தது. வெயிலில் குனிந்து உப்பு வாரும் பலகையை ஒரே சீராக இழுத்துப் பழகிய முதுகும் கையும் அவர்களுடையவை. பொன்னுலிங்கத்துக்கு வரவில்லை. தலைவர் என்பதால் சிவப்புக் கோடு போட்ட ராடை எடுத்தார். ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு மெஷின் முனகியது. மறுபடியும் எடுத்தார், மறுபடியும் ஒட்டியது. மூன்றாவது தடவை ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டுப் புழுதியில் அப்படியே உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பாக்கியத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்துபோய் அவர் பக்கத்தில் குந்தினாள். எழுந்ததில் முழங்கால் இரண்டும் நெட்டி முறித்தன. ஒரு ரோஸ் ராடை எடுத்து ஹோல்டரில் மாட்டி அவர் கையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, லேசானத எடுக்கதுல கேவலம் ஒண்ணும் கெடையாது. யாராவது எனக்கு இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு வருசம் மிஞ்சியிருக்கும்."

பொன்னுலிங்கம் அதை வாங்கிக்கொண்டார். கிழித்தார். பற்றியது. கோணல்மாணலாக, குண்டும் குழியுமாக, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு வந்தது. அன்று சாயங்காலம் அந்தத் துண்டு இரும்பை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த ஊரில் ஆறுமாதம் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் எங்காவது நீலவெளிச்சம் தெரிந்தது. நாலு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின, அதனால் தெருவுக்கு ஒரு நேரம் என்று முறை வைத்தார்கள்; கீழத்தெருக்காரர்கள் விசிறி மெதுவாவதை வைத்து மேலத்தெருவில் வேலை நடக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். கேட்டுகள் எழுந்தன. பழையபடி நேராக எதுவும் இல்லை. ஒரு கதவு இன்னொன்றைவிட உயரமாக நின்றது, ஜன்னல் கம்பிகள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தன, ஊஞ்சல் ஒரு பக்கமாகவே ஆடியது. கல்யாணம் பேச வருகிறவர்கள் பையன் என்ன வேலை என்று கேட்ட கையோடு பெண் பிடிக்கிற ராடு ரோஸா சிவப்பா என்றும் கேட்டார்கள். தண்ணீர்த் தொட்டி ஏணியை முப்பத்தெட்டுப் பேர் ஆளுக்கொரு படியாக ஒட்டினார்கள், எது யாருடையது என்று டீச்சர் பெயின்டால் பேர் எழுதி வைத்தார். ஏறுகிறவர்கள் பெயரை வாசித்துக்கொண்டே ஏறினார்கள், அந்த ஆள் காலையில் டீக்கடையில் தென்பட்டாரா என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு காலை வைத்தார்கள்.

பாக்கியத்தாய் தன் பங்குக்குப் பழையவற்றைப் பார்த்துவந்தாள். அவள் பன்னிரண்டு வருடம் ஒட்டியவை, பிறகு அந்தப் பத்தொன்பது நாளில் ஒட்டியவை என்று நூற்றுக்கணக்கில் நின்றன. வாரத்துக்கு இரண்டு வீடு என்று போய், "இத அறுத்துட்டு நீங்களே ஒட்டிக்கிடுங்க" என்றாள். சிலர் செய்தார்கள். பலர் செய்யவில்லை. "இருக்கட்டும் மைனி, நீங்க இருக்க மட்டும் இருக்கட்டும்" என்றார்கள். முதலில் அது அவளுக்குப் பாரமாக இருந்தது. பிறகு, அவர்கள் தெரிந்தே வைத்திருக்கிறார்கள் என்பதால், அவ்வளவு பாரமாக இல்லை.

இரண்டு வருடம் கழித்து, பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மதியம், பொன்னுலிங்கம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஈஸிசேரில் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்தார். அப்போது பாக்கியத்தாய் தன் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். எதிர்ச்சாரியில் அழுகை எழும்பியது, அதைத் தொடர்ந்து இரும்பு இறங்கும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு தெருவின் கடைசியிலிருந்து ஒன்று. தவசிமுத்துபோல அடக்கம்வரைக்கும் காத்திருக்க இவருக்குப் பொறுமை இல்லை. மனுஷன் ஒட்டப் படித்த பிறகு யார் வீட்டில் எது ஆடினாலும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். அப்படி அவர் கை பட்டவை ஏழெட்டு இருக்கும்.

அவள் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். இப்போது வருவார்கள் என்று நினைத்தாள். காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிச் செருப்பைத் தேடினாள். வாசலில் யாரோ ஓடிவந்தார்கள், செருப்புச் சத்தம் நடைவரைக்கும் வந்தது, அங்கே ஒரு குரல் தாழ்ந்து, "சத்தம் போடாத, மைனி படுத்திருக்காவ. மெஷின் எங்க இருக்கு, கோயில்லயா?" என்றது. டீச்சரின் குரல். செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

கொஞ்சநேரத்தில் மேலே விசிறி மெதுவாகச் சுற்றியது. எதிர்ச்சாரியில் ஒரு ராடு பற்றி, ஒட்டிக்கொண்டு, விடுபட்டு, மறுபடி பற்றியது. பிறகு சத்தம் நிதானப்பட்டு, ஒரே சீராகப் பொரிய ஆரம்பித்தது. யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. யாராக இருந்தாலும் சரியாகத்தான் போகிறார்கள். அந்த ஒட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டுக்கொண்டே காலை மேலே தூக்கி வைத்தாள். பொன்னுலிங்கத்தைச் சாயங்காலம் எடுப்பார்கள், அப்போது போய்க்கொள்ளலாம். ராடு முடிந்து, சுத்தியல் இரண்டு தடவை தட்டி, அடுத்த ராடு பற்றுவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.